எண்களால் இயங்கும் வானொலி

கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் கருவி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு பெட்டி. அதனுள் கம்பிச்சுருள், மின்தேக்கி, டிரான்சிஸ்டர் முதலிய உறுப்புகள் இருக்கும். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு தொழில் உண்டு. வேண்டிய நிலையத்தின் அலையைப் பிற அலைகளினின்றும் பிரித்தெடுப்பது ஒன்று. அவ்வலையின்மேல் ஏற்றப்பட்ட ஒலியை இறக்கித் தருவது மற்றொன்று. தொழிலை மாற்ற வேண்டுமாயின் உறுப்பை மாற்ற வேண்டும். இவ்வுறுப்புகளின் தொழிலைக் கணிப்பொறிக்கு எழுதிய நிரலே செய்துவிடுமாயின்? அத்தகைய வானொலியைப் பற்றியும், பலர் கூடி அதனை எழுதிப் பேணிவரும் முறையைப் பற்றியும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அது இயங்கும் விதத்தைக் காண்போம். வான்கம்பி பற்றிய அலையை ஒரு சிறு கருவி நொடிக்குப் பல இலட்சம் முறை அளந்து, அவ்வளவுகளை எண்களாக்கிக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. அதன்பின் நடப்பவை யாவும் கணக்கே. 3, 7, 3, 7, 3, 7 என்று எண்கள் வருவதாகக் கொள்வோம். அடுத்தடுத்துள்ள இரண்டிரண்டு எண்களுக்குச் சராசரி காணுங்கள். 5, 5, 5, 5, 5 என்று வரும். ஏற்ற இறக்கம் மறைந்துவிட்டது. இனி 10, 11, 12, 13 என்று மெல்ல உயரும் எண்களுக்கும் அவ்வாறே செய்யுங்கள். 10.5, 11.5, 12.5 என்று வரும். உயர்வு அப்படியே நிற்கிறது. விரைந்து மாறுவதைத் தடுத்து, மெல்ல மாறுவதை விடும் வடிகட்டி ஒன்று வெறும் கூட்டலாலும் வகுத்தலாலும் அமைந்துவிட்டதன்றோ! நான் இயற்பியல் கற்பித்த நாட்களில் மின்தடையும் மின்தேக்கியும் இணைத்து வகுப்பில் செய்து காட்டிய வடிகட்டியின் வேலையும் இதுவே.

'மென்பொருள் வானொலி' என்னும் பெயரை 1991 ஆம் ஆண்டில் ஜோசப் மிட்டோலா என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் பயன்படுத்தினார். 2001 இல் ஜான் கில்மோரின் பொருளுதவியுடன் எரிக் பிளாசம் என்பவர் 'குனு ரேடியோ' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எழுதப்பட்ட பழைய நிரலொன்றே அதற்கு முதலாய் அமைந்தது. 2004 இல் முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. வடிகட்டி, பெருக்கி முதலிய ஒவ்வொன்றும் இதில் ஒரு தனிக்கட்டம். கட்டங்களை வரிசையாக இணைத்தால், ஒன்றின் விடை அடுத்ததற்கு வினாவாகச் செல்கிறது. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம். மாற்றியதைப் பிறர்க்கு வழங்குவோர் அதே உரிமையையும் உடன் வழங்குதல் வேண்டும் என்பது அதன் உரிமம் விதிக்கும் நெறி.

இதனால் விளைந்த பயன் யாது? ஒரு சான்று கூறுகிறேன். ஐ.எஸ்.இ.இ.-3 என்னும் விண்கலம் 1978 ஆகஸ்டில் ஏவப்பட்டது. 1985 இல் ஒரு வால்மீனின் வாலினூடே சென்றது. 1997 இல் அதன் பணி முடித்துவைக்கப்பட்டது. அதற்குக் கட்டளை அனுப்பும் கருவிகளும் 1999 இல் நாசாவின் நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. ஆனால் 2008 இல் செவிமடுத்தபோது, கலம் இன்னும் அலைகளை அனுப்பிக்கொண்டிருப்பது தெரியவந்தது. அதன் குரல் கேட்கிறது. மறுமொழி கூறத்தான் கருவியில்லை!

2014 இல் அது பூமியை நெருங்கியது. ஆர்வலர் குழுவொன்று பொதுமக்களிடம் நிதி திரட்டி, நாசாவின் இசைவு பெற்று, பழைய ஆவணங்களைத் தேடி எடுத்தது. அகற்றிய கருவியை மீண்டும் செய்யவில்லை. அதன் தொழிலைக் குனு ரேடியோவில் நிரலாக எழுதினர். போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் இருந்த 305 மீட்டர் விட்டமுள்ள பேரலைவாங்கியின் வழியே கட்டளைகளை அனுப்பினர். மே 29 ஆம் நாள் கலம் அவற்றை ஏற்றது. ஆயினும் ஜூலையில் அதன் பாதையைத் திருப்பச் செய்த முயற்சி பலிக்கவில்லை. செப்டம்பரில் தொடர்பும் அற்றது. கலம் கைவிட்டுப் போயிற்று. எனினும், பதினைந்து ஆண்டுகளாகக் கட்டளை அனுப்ப வழியற்றிருந்த அக்கலத்தோடு உரையாட முடிந்தது, பொதுவுடைமையான ஒரு நிரல் ஆயத்தமாக இருந்தமையாலன்றோ?

இந்த 'ஆயத்தமாக இருத்தல்' தானாக வருவதன்று. இரும்பு துருப்பிடிக்கும், எழுத்து துருப்பிடிக்குமோ என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நிரல் வேறு பல நிரல்களின்மேல் நிற்கிறது. அடிப்படை நகர்ந்தால் மேலிருப்பதும் சாயும். குனு ரேடியோவின் பல பகுதிகள் 'பைத்தான்' மொழியின் இரண்டாம் பதிப்பைச் சார்ந்திருந்தன. அப்பதிப்புக்குரிய ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு நின்றது. அதற்குள் மூன்றாம் பதிப்பிலும் இயங்குமாறு எண்ணற்ற வரிகளைத் திருத்த வேண்டியிருந்தது. 2013 இல் 3.7 ஆம் வெளியீடு வந்தபின், 3.8 ஆம் வெளியீடு 2019 ஆகஸ்டில்தான் வந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளின் உழைப்பில் பெரும்பகுதி கண்கவரும் புதுமை அன்று; பழையதை நிலைநிறுத்தும் பணியே. ஏரியை வெட்டியவன் பெயர் கல்வெட்டில் நிற்கும். ஆண்டுதோறும் தூர்வாரிக் கரையடைத்தவர் பெயர் நிற்பதில்லை. ஆனால் பயிர் விளைவது அவர்களால். நம் முன்னோர் அதனைக் குடிமராமத்து என்றனர். இதுவும் அத்தகையதே.

மாணவர்களே, இப்பணியில் உங்களுக்கும் இடமுண்டு. அலைகளை வெளியே அனுப்புவதற்கு அரசின் உரிமம் வேண்டும். ஆனால் கணிப்பொறிக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கி, வடிகட்டி, ஒலியாகக் கேட்டுப் பழகுவதற்கு எந்தத் தடையுமில்லை. பிழையொன்று கண்டால், எந்த எண்களைக் கொடுத்தபோது எந்த விடை வந்ததென்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். ஒரு கட்டம் சரியாகக் கணக்கிடுகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை நிரல் எழுதுங்கள். விளங்காத விளக்கத்தை விளங்குமாறு திருத்துங்கள். தொடங்குவதற்கு வேண்டுவன சராசரி காணும் கணக்கும் பொறுமையும் மட்டுமே.