ஆடத் தெரிந்தவருக்குப் பட்டம் எதற்கு?

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு, கடலூர்ப் பக்கத்தில் பெண் பிள்ளை பரதம் ஆடும் வீடுகளில் கேட்கும் பேச்சு இது: "அஞ்சு வயசுலேருந்து ஆடிக்கிட்டுத்தானே இருக்கே, அதையே காலேஜ்லயும் போய்ப் படிக்கணுமா?" கேட்பவர் பெரும்பாலும் அப்பா. கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று காகிதத்தைப் பற்றியது, மற்றொன்று படிப்பைப் பற்றியது.

காகிதத்தை முதலில் பார்த்துவிடலாம். சான்றிதழ், பட்டயம், பட்டம் மூன்றும் வேறு வேறு. கடலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் தேவாரம், நாதஸ்வரம், தவில் ஆகியவற்றோடு பரதமும் மூன்றாண்டு சொல்லித்தருகிறார்கள். முடித்தால் கிடைப்பது சான்றிதழ். சென்னை கலாக்ஷேத்ரா பேர் வாங்கியதே அதன் நான்காண்டுப் பட்டயத்தால்தான். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. இந்தியாவில் நாட்டியத்தை அப்படி முதலில் உள்ளே அழைத்தது பரோடா பல்கலைக்கழகம். 1950-லேயே அங்கே நடனத்துறை வந்துவிட்டது. நம் பக்கத்தில் சிதம்பரம் ரயில் நிலையத்தைத் தாண்டினால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். திருச்சிக்குப் போனால், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலைக் காவிரி.

கல்லூரியில் ஆசிரியராக வேண்டுமென்றால் நெட் தேர்வு உண்டு. நடனம், நாடகம், அரங்கக்கலை எல்லாம் அதில் 65-ஆம் எண் பாடம். எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் முதுகலை படிக்காமல் ஆசிரியர் தகுதிக்காக அந்தத் தேர்வை எழுத முடியாது. மேடை பட்டத்தைக் கேட்பதில்லை, அலுவலகம் கேட்காமல் விடுவதில்லை. காகிதத்தின் கதை அவ்வளவுதான்.

இனி படிப்பு. நாட்டிய வாத்தியாரிடம் ஒரு வர்ணத்தை ஆறு மாதம் கற்ற பெண்ணிடம், அதே வர்ணத்துக்குத் தாளம் பிடித்துச் சொற்கட்டு சொல்லச் சொன்னால் தடுமாறிப் போவாள். கால் அறிந்ததை வாய் அறிந்திருக்காது. மூன்றாம் காலத்தில் வாய் முந்தும், கைத்தாளம் பிந்தும், எதிரே ஆடுகிறவள் நின்றுவிடுவாள். பட்டப்படிப்பில் இந்த நட்டுவாங்கம் ஒரு பாடம். அதோடு பாட்டு, தாள இலக்கணம், அபிநய தர்ப்பணம், கோயில் சிற்பம், நாட்டிய வரலாறு. இதெல்லாம் புதுமையென்று நினைத்தால் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டிப் பார்க்கலாம். மாதவி ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அவளுக்கு ஆடலாசான் ஒருவர் போதவில்லை; இசையாசிரியன், புலவன், தண்ணுமை, குழல், யாழ் என்று ஆளுக்கொரு துறை. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம் என்று மேடைக்கும் அளவு சொல்லியிருக்கிறார் இளங்கோ. இன்றைய துறைத் தலைவர்கள் பொறாமைப்பட வேண்டிய பாடத்திட்டம்!

1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை ஆரம்பக் காலத்திலேயே குடியேறிவிட்டது. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி வரிசையை அமைத்துக்கொடுத்த தஞ்சை நால்வரின் வழிவந்த கே.பொன்னையா பிள்ளை அங்கே ஆசிரியராக இருந்தார். நட்டுவனார் வீட்டுத் திண்ணையில் இருந்த வித்தை வகுப்பறைக்கு வந்த பாதையில் அவர் ஒரு முக்கியமான ஆள்.

ஆனால் ஆடுவதற்கும் ஆட்டத்தைப் படிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதைக் காட்ட, சிதம்பரம் நடராஜர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை விடச் சிறந்த வகுப்பு கிடையாது. வாசல் வழியின் இருபுறமும் அரைத்தூண்கள். ஒவ்வொன்றிலும் கீழிருந்து மேலாகச் சிறு சிறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு ஆடற்பெண், பக்கத்தில் குட்டி உருவில் வாத்தியக்காரர்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் உரிய சுலோகம் கிரந்த எழுத்தில் கூடவே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இந்த வேலை 81 கரணங்களோடு நின்றுவிட்டது. மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. நம் மாவட்டத்து விருத்தாசலத்திலும் கோபுரத்தில் கரணங்கள் உண்டு.

பார்க்கிறவர்களுக்கு இவை நிற்கும் நிலைகள், போட்டோவுக்கு நிற்பது போல. ஆனால் சாஸ்திரம், கையும் காலும் சேர்ந்து இயங்குவதைத்தான் கரணம் என்கிறது. அப்படியானால் சிற்பி செதுக்கியது அந்த அசைவின் எந்த நொடியை? தொடக்கத்தையா, நடுவையா, முடிவையா? இந்தக் கேள்வியோடு ஆராய்ச்சியில் இறங்கியவர் பத்மா சுப்ரமணியம். தொல்லியல் அறிஞர் கே.ஆர்.ஸ்ரீனிவாசன் வழிகாட்ட, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். சுலோகம், கல், தன் உடம்பு மூன்றையும் பக்கத்தில் வைத்து, உறைந்த நிலைகளை மறுபடி அசையவிட்டார். பிறகு மகாராஷ்டிரத்தின் சதாராவில் எழுந்த நடராஜர் கோயிலுக்கு 108 கரணச் சிற்பங்களை அவரே வடிவமைத்தார். அவர் சொன்னது அத்தனையும் சரியா என்று அறிஞர்கள் விவாதிக்கலாம். என்னைக் கேட்டால், அப்படி ஒரு கேள்வி எழ இடம் கொடுத்ததுதான் பல்கலைக்கழகம் நாட்டியத்துக்குச் செய்த பெரிய காரியம்.

வேலை? மாவட்ட இசைப்பள்ளிகள், அரசு இசைக் கல்லூரிகள், தனியார் பள்ளிகள், சொந்த வகுப்பு. அரசுப் பணியிடங்கள் சொற்பம். பலருக்குக் கடைசியில் சோறு போடுவது சொந்த வகுப்புதான். அதை மறைத்துச் சேர்க்கை வாங்கித் தருகிறவர்களை நம்ப வேண்டாம். பதினேழு வயதில் தட்டடவிலிருந்து தொடங்கிச் சமாளித்துவிடலாம் என்பதும் ஆகாத காரியம். அரைமண்டி உட்கார முழங்காலுக்கு ஆண்டுக்கணக்கில் பழக்கம் வேண்டும்.

விண்ணப்பம் வாங்குவதற்கு முன் ஒரு நாள் காலையில் அப்பாவும் மகளும் கிழக்குக் கோபுர வாசலுக்குப் போய் வரலாம். கண்ணுக்கு நேராக இருக்கும் கீழ்வரிசையில் ஏதாவது ஒரு கட்டத்தைக் காட்டி, "இதுக்கு முந்தி கால் எங்கே இருந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்தால் வேறு படிப்பு பார்க்கலாம். செருப்பில்லாத காலை அந்தக் கல்தரையில் அப்படியும் இப்படியும் மாற்றி வைத்துப் பார்க்க ஆரம்பித்தால், அண்ணாமலைநகர் பக்கம்தான், ஷேர் ஆட்டோ கிடைக்கும்.