தாளக்காரர்கள் – 7: பானையோடு ஜாஸ் மேடை ஏறியவர்

கர்நாடகக் கச்சேரியில் கடத்துக்குப் பெயரே உப பக்கவாத்தியம்தான். பாடகர், வயலின், மிருதங்கம், அதற்கப்புறம் கடம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் வாசித்துவிட்டுத் தலையசைத்தால் கடக்காரர் நாலு ஆவர்த்தனம் வாசிக்கலாம். அதற்குள் சபாவில் பாதிப் பேர் கேன்டீனுக்குப் போயிருப்பார்கள். கடம் வித்வான் டி.எச். ‘விக்கு’ விநாயக்ராம் 1970-களில் அமெரிக்கா போய் ஜாஸ்காரர்களோடு உட்கார்ந்தார். முதலில் உடைந்தது இந்த வரிசைதான்.

1942-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா டி.ஆர். ஹரிஹர சர்மா தாள வாத்தியங்களுக்கென்றே ‘ஸ்ரீ ஜெய கணேஷ் தாள வாத்ய வித்யாலயா’ நடத்தியவர். 13 வயதில் மேடை ஏறிய விநாயக்ராம், எம்.எஸ். சுப்புலட்சுமி வரை பெரிய வித்வான்கள் பலருக்கும் வாசித்தார். சபா உலகில் கடத்துக்கு இதற்கு மேல் போக இடமில்லை.

அந்தப் பக்கம், ஜான் மெக்லாக்லின். மைல்ஸ் டேவிஸோடு ‘பிட்ச்சஸ் ப்ரூ’ ஆல்பத்தில் கிட்டார் வாசித்துவிட்டு, மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவைக் காது கிழியும் மின்சார சத்தத்தோடு நடத்தியவர். பில்லி கோபாம் டிரம்ஸ் வாசித்த அந்தக் குழுவை விட்டுவிட்டு, வீணை கற்றுக்கொண்ட கையோடு, கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ராம்நாட் ராகவன் மிருதங்கம், விநாயக்ராம் கடம். அதுதான் ‘சக்தி’. 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த நிகழ்ச்சி அப்படியே முதல் ஆல்பமாக மறுவருடம் வெளிவந்தது. முதல் உருப்படி ‘ஜாய்’ 18 நிமிடம் ஓடுகிறது. மூச்சு வாங்க வைக்கும் வேகம்.

ராகவன் விலகிய பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தரும் கனத்த நாதம் குழுவில் இல்லை. அதைக் கடம் கொடுத்தாக வேண்டும். கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்து, அழுத்தியும் விலக்கியும் அடித்தால் உள்ளிருக்கும் காற்று ‘கும்’ என்று திரண்டு வரும். கழுத்துப் பகுதியில் விரல் பட்டால் உலோகம் போலக் கணீரென்று கேட்கும். மணிக்கட்டு ஒரு சொல், விரல் நுனி ஒரு சொல், நகம் ஒரு சொல். நினைத்தபடி சுருதி கூட்டிக் குறைக்க முடியாத, சுட்ட மண். ஆகவே வேண்டிய சுருதிக்கு வேறு பானைதான். இத்தனை கட்டுப்பாட்டுக்குள் உட்கார்ந்து தபலாவுக்குச் சரிக்குச் சரி பதில் சொன்னார் விநாயக்ராம்.

ஜாஸ்காரர்கள் எட்டு பார், நாலு பார் என்று பங்கு போட்டு மாறி மாறி வாசிப்பார்கள். நம் குறைப்பும் அதே ஜாதி: ஒரு ஆவர்த்தனம், பாதி, கால் என்று சுருங்கி, கடைசியில் ஓரிரண்டு அட்சரத்தில் கேள்வியும் பதிலும் பறக்கும். இரண்டு தரப்புக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாததில் வியப்பில்லை. புதுமை எதில் என்றால், அந்தக் குறைப்பில் கிட்டாரும் வயலினும் சேர்ந்துகொண்டதில்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரிலிருந்து பார்த்தால் இதற்கு ஒரு முன்கதை பக்கத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளை (1889–1934), மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று தாளக்காரர்களை மேடை நிறைய உட்கார வைத்து ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி செய்தவர். காஞ்சியில் பிறந்த டி.கே. பட்டம்மாள் சிறுமியாக வியந்து கேட்டது அவரைத்தான். ஆனால் அங்கே அத்தனை வாத்தியமும் பாட்டுக்காக. சக்தியில் யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். விநாயக்ராம் கடத்தை மேலே தூக்கிப் போட்டுத் தாளம் தப்பாமல் பிடிக்கும்போது விழுந்த கைதட்டல், நுணுக்கமான கணக்குகளுக்கு விழுந்ததில்லை. வெளிநாட்டு ரசிகர் மட்டுமல்ல, நம்மூர்க்காரரும் அப்படித்தான்.

சக்தி மூன்று ஆல்பங்களோடு 1970-களின் கடைசியில் கலைந்தது. பிறகு மிக்கி ஹார்ட் என்ற ராக் டிரம்மர், நைஜீரியாவின் ஓலதுஞ்சி, பிரேசிலின் ஐர்டோ மொரேரா போன்றவர்களோடு ஜாகிரையும் விநாயக்ராமையும் சேர்த்து ‘பிளானட் டிரம்’ என்ற ஆல்பத்தை உருவாக்கினார். கிராமியில் உலக இசை ஆல்பத்துக்கென்று முதன்முதலாகக் கொடுத்த விருது, 1992-ல், அதற்குத்தான் போனது. பத்மஸ்ரீ 2002-ல் வந்தது.

மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு மெக்லாக்லினின் அடுத்த சக்தியில் சேர்ந்தார். அந்தக் குழுவின் ‘திஸ் மொமென்ட்’ 2024-ல் கிராமி வாங்கியது. பேரன் சுவாமிநாதனையும் சேர்த்து மூன்று தலைமுறையாக ஒரே மேடையில் வாசித்த நிகழ்ச்சிகளில், நடுவில் இருந்தது பாட்டல்ல, தாளம். உப பக்கவாத்தியக்காரர் குழுத் தலைவரானது அங்கேதான்.

‘ஜாய்’ கேட்டிராதவர்கள் அதைக் கேட்டுவிட்டு வாருங்கள். இதே வித்யாலயாவில் பெண்ணுக்குக் கடம் கடினம் என்று சொல்லப்பட்டதையும் மீறிக் கற்று, ஏழெட்டுக் கடங்களைச் சுற்றி வைத்து ராகம் வாசித்துக்காட்டிய சுகன்யா ராம்கோபாலைப் பற்றி அடுத்த வாரம்.