செவிவழி வந்த விண்வெளி

செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியில் வந்திறங்கியதைத் திரையில் காட்டுவதற்குக் கோடிக்கணக்கான பணமும் நூற்றுக்கணக்கான கலைஞர்களும் வேண்டும்; அதையே காதுக்குச் சொல்லுவதற்கு நல்ல கதையும், நம்பத்தக்க குரலும், சில ஓசைகளும் போதும் என்பதை, 1938ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, ஓர்சன் வெல்ஸ் என்ற இருபத்துமூன்று வயது இளைஞர் அமெரிக்க வானொலியில் நிரூபித்தார். எச்.ஜி. வெல்ஸ் எழுதிய நாவல் ஒன்றை, இசை நிகழ்ச்சியின் நடுவே குறுக்கிடும் அவசரச் செய்திகளைப் போல அமைத்து அவர் ஒலிபரப்பிய நாடகத்தைக் கேட்டுத் தேசமே நடுங்கியது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதியது மிகைதான் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆயினும், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மனக்கண்ணில் பிரத்தியட்சமாக்கும் சக்தி செவிக்கு உண்டு என்பதில் அன்று முதல் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

1950களில் அமெரிக்காவில் ‘எக்ஸ் மைனஸ் ஒன்’ என்ற தொடரும், இங்கிலாந்தில் சார்ல்ஸ் சில்ட்டன் எழுதி பிபிசி 1953இல் தொடங்கிய ‘ஜேர்னி இன்டு ஸ்பேஸ்’ என்ற தொடரும் வீடுதோறும் விஞ்ஞானக் கதைகளைக் கொண்டு சென்றன. தொலைக்காட்சி பரவிய பிறகு அந்த மரபு தளர்ந்தது.

நம் இலங்கைத் தமிழருக்கு வானொலி நாடகம் அந்நியமான கலையன்று. இலங்கை வானொலியில் ‘சானா’ என்ற சண்முகநாதன் தயாரித்த நாடகங்களையும், ‘லண்டன் கந்தையா’வையும், சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ தொடரையும் குடும்பமாகச் சுற்றியிருந்து கேட்டவர்கள் இன்றும் அவற்றின் பாத்திரங்களைச் சொந்தக்காரரைப் போல நினைவுகூர்கிறார்கள். பின்னர் யுத்த காலத்தில், மின்சாரமும் இன்றிப் பற்றரியும் கிடையாமல் வடபகுதி தவித்தபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் மிதியைச் சுழற்ற, டைனமோவிலிருந்து இழுத்த கம்பியால் உயிர்பெற்ற றேடியோவைச் சுற்றிப் பத்துப்பேர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தார்கள். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். கேட்பதற்காக இவ்வளவு பாடுபட்ட சமூகம் வேறெங்கும் உண்டா என்று நான் வியப்பதுண்டு. அப்படியிருந்தும், 1956 முதல் 2008இல் மறையும்வரை ஆர்தர் சி. கிளார்க் போன்ற ஒரு விஞ்ஞானப் புனைகதை மேதை நம் தீவையே இல்லமாகக் கொண்டு வாழ்ந்திருந்தும், குடும்பக் கதையையும் நகைச்சுவையையும் கைக்கொண்ட அளவுக்கு விஞ்ஞானக் கதையை நம் ஒலிக்கலை கைக்கொள்ளவில்லை. இதைக் குறையென்றே நான் கருதுகிறேன்.

விஞ்ஞானக் கதையைச் செவிக்குச் சொல்லும் கலை பிற நாடுகளில் மீண்டும் தழைத்தது ஒலிபரப்பு நிலையங்களாலன்று. ஒலிக்கோப்பை இணையத்தில் ஏற்றிவிட்டால், அதைக் கேட்க விரும்புகிறவரின் கருவிக்கு ஒவ்வொரு புதிய பகுதியும் தானாகவே வந்து சேரும் என்ற ஏற்பாடு 2004ஆம் ஆண்டளவில் பரவியது; அதுவே பொட்காஸ்ட். ஆப்பிள் நிறுவனம் 2005 ஜூனில் தன் ஐடியூன்ஸில் அதற்கு இடங்கொடுப்பதற்கு முந்திய மாதமே, ‘எஸ்கேப் பொட்’ என்ற விஞ்ஞானப் புனைகதை பொட்காஸ்ட் அமெரிக்காவில் பிறந்துவிட்டது. அதன் அமைப்பு மிக எளியது. ‘டைகைஜு’ என்ற குழுவின் கித்தார் இசை ஒலிக்கும். தொகுப்பாளர் ஆசிரியரையும் வாசிப்பவரையும் அறிமுகப்படுத்துவார். பின்பு ஒரே குரல், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்கு மேல், ஒரு சிறுகதையை வாசிக்கும். முடிவில் கதையைப் பற்றித் தொகுப்பாளரின் சில வார்த்தைகள். வெடிச்சத்தமும் ரொக்கெட் இரைச்சலும் இல்லாமல், திண்ணையில் பாட்டி கதை சொன்ன அதே முறையில், நட்சத்திரங்களுக்கிடையே பிரயாணம் நடந்தது.

ஆனால் நான் அதைப் போற்றுவதற்குக் காரணம் வேறு. இணையத்தில் எல்லாம் இலவசம் என்று எழுத்தாளனின் உழைப்பையும் இலவசமாக்கிவிட்ட காலத்தில், ஆரம்பத்திலிருந்தே எழுத்தாளருக்குச் சன்மானம் கொடுத்து, நேயரிடம் கட்டணம் கேளாமல், மனமுவந்து தருகிறவர்களின் நன்கொடையால் அந்தப் பத்திரிகை நடந்தது. ஆம், அதை ஒலிப் பத்திரிகை என்றே சொல்ல வேண்டும். கோப்பை யாரும் யாருக்கும் கொடுக்கலாம், விற்கவோ மாற்றவோ கூடாது என்பதே நிபந்தனை. அவ்வேரிலிருந்து திகில் கதைகளுக்கும் மாயக் கதைகளுக்கும் தனித்தனிக் கிளைகள் தோன்றின. 2010இல், ‘ஸ்டார்ஷிப்சோஃபா’ என்ற மற்றொரு பொட்காஸ்ட், அச்சிதழ்களோடு போட்டியிட்டு, விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ விருதையே வென்றது.

எஸ்கேப் பொட்டை நிறுவியவர் 2010இல் விலகிய பின் பொறுப்பேற்ற மர் லாஃபர்ட்டி, இடையில் விலகித் திரும்பவும் வந்தபோது, 2017 முதல் அவருடன் ஆசிரியராக அமர்ந்தவர் எஸ்.பி. திவ்யா, புதுச்சேரியில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா சென்றவர். இருவரும் சேர்ந்து தொகுத்த பதினைந்தாம் ஆண்டு நிறைவுக் கதைத்தொகுதி 2020இல் நூலாக வெளிவந்தது. காதுக்காகப் பிறந்த பத்திரிகை அச்சேறியது ஒருபுறமிருக்க, அதைத் தொகுத்த கைகளில் ஒன்று தமிழ்மண்ணில் பிறந்தது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

இன்று நம் மன்னார்க் கரையின் சிலாவத்துறை மீனவர் வாடிகளில் வலை பொத்துகிறவர்களின் அருகில் போன் பாடிக்கொண்டிருக்கிறது. கையும் கண்ணும் வேலையில் இருக்க, காது ஓய்வாகவே இருக்கிறது. அக்காதுக்கு ஏற்ற கதைக்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் மறிச்சுக்கட்டி மணலில் கச்சேரியும் கடைத்தெருவுமாகப் பல்லாயிரம் பேர் வாழும் பட்டணம் ஒன்று எழும்பி, சில வாரங்களில் சுவடின்றிக் கலைந்துபோனது. 1902இல் இக்கடலில் சிப்பிகளை ஆராய வந்த ஹேர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியர், ஒட்டுண்ணிப் புழு ஒன்றின் குடம்பியைச் சுற்றியே உயர்ந்த முத்து உருவாகிறது என்று வாதிட்டார். 1905இல் அபாரமாக அள்ளிய பின், 1906இல் சிப்பிகள் விளையும் பார்களைக் குத்தகைக்கு எடுத்த கம்பனியின் காலத்தில் சிப்பிகள் அற்றுப்போய், சில ஆண்டுகளில் கம்பனியும் மூடப்பட்டது. தோன்றி மறையும் நகரம், புழுவைச் சிறைவைத்து இரத்தினமாக்குவதாகக் கருதப்பட்ட உயிர், திடீரென்று வெறுமையாகும் கடல் என்று விஞ்ஞானக் கதாசிரியர் தேடி அலையும் மூன்று பொருள்களும் சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும் அடங்கிய முசலியின் ஒரே கரையில் கிடக்கின்றன. எழுதுகிறவருக்குச் சன்மானம் கொடுக்க நாலு பேர் முன்வந்தால், வாசிப்பதற்கு இக்கரையிலேயே நல்ல குரல்கள் இருக்கின்றன.