எரிந்த அடாப்டரைத் தூக்கி எறியாதீர்கள்

செட்-டாப் பாக்ஸ் அடாப்டர் பழுதானால் சென்னை ரிச்சி தெருவிலோ தி.நகர் நடைபாதையிலோ, ‘12 வோல்ட்தானே, பின் பொருந்துதா?’ என்று மட்டும் பார்த்து வாங்கி வந்துவிடுகிறோம். டிவிக்குப் பின்னால் செருகிய பிறகு அதை யாரும் அணைப்பதில்லை. வீட்டில் ஃப்ரிட்ஜைப் போல இரவு பகலாக ஓடுவது அதுதான்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் அதற்குள் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாகி, பிறகுதான் 12 வோல்ட்டாக இறங்குகிறது. உயர் அழுத்தப் பக்கத்துக்கும் நம் கை படும் பக்கத்துக்கும் நடுவே போதிய இடைவெளியும் காப்பும் வேண்டும். மலிவுச் சரக்கில் முதலில் காணாமல் போவது இவையும் ஃபியூஸும்தான். உள்ளிருக்கும் கெபாசிட்டருக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். சென்னையின் மே மாதத்தில், மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் அது படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் கடற்காற்றின் உப்பு வேறு. வெள்ளத்தில் நனைந்த அடாப்டரைக் காய்ந்துவிட்டது என்று நம்பிச் செருகவே கூடாது. உள்ளே படிந்த சேறு ஈரம் பட்டதும் மின்சாரத்துக்கு வழிவிடும்.

இப்படித் தீப்பிடித்தால், தீயைவிடப் புகை முந்திக்கொள்ளும். 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்ததில், தந்தையும் மகளும் மூச்சுத் திணறித்தான் இறந்தார்கள்.

மின்னணுப் பொருள்களுக்காக 2012-இல் வந்த கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் அடாப்டர், பவர் பேங்க் ஆகியவையும் பின்னர் சேர்க்கப்பட்டன. பதிவில்லாமல் இவற்றை விற்பது குற்றம். ஒட்டுத்தாளில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரையும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தை அடுத்து 8 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். எண் இருந்தால் மட்டும் போதாது. ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதைப் போட்டு, அங்கே வரும் நிறுவனப் பெயரும் பொருளும் கையிலுள்ளதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். போலிகள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். புகாரையும் அதே செயலியில் அனுப்பலாம். தரமணியில் அமைவனத்தின் அலுவலகமே இருக்கிறது.

விபத்து நடந்துவிட்டால், மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். 101-ஐ அழையுங்கள். பிறகு பலரும் செய்யும் தவறு, கருகியதைக் குப்பையில் போட்டுவிடுவது. உங்கள் முக்கிய சாட்சியம் அதுதான். படம் எடுத்து, உறையிலிட்டு வையுங்கள். தீயணைப்புத் துறையின் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளால் உடலுக்கோ மற்ற உடைமைக்கோ சேதம் நேர்ந்தால் உற்பத்தியாளரிடம் இழப்பீடு கேட்கலாம். தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கு என்றால், விற்றவரே பொறுப்பு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள்.

இத்தனைக்கும் பில் வேண்டும். பில் தர மறுப்பதே இந்தச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். 100 ரூபாய் அடாப்டரானாலும் கேட்டு வாங்குங்கள்.