சஹ்யாத்ரியின் மேகமும் புகைப்படக் கருவியும்

ஜூன் மாதத்தில் அரபிக் கடலிலிருந்து வீசத் தொடங்கும் பருவக்காற்று, கொங்கணச் சமவெளியைக் கடந்ததும் சுவர்போல் நிமிர்ந்து நிற்கும் சஹ்யாத்ரியில் மோதி, அப்பால் செல்ல வேறு மார்க்கமின்றி மேலே ஏறி, ஏற ஏறக் குளிர்ந்து, தான் சுமந்துவந்த நீராவியை மேகமாகவும் மழையாகவும் இறக்கிவிடுகிறது. மும்பையின் தாராவியிலும் செம்பூரிலும் முழங்கால் நீரில் நடந்து நாம் அலுத்துக்கொள்ளும் அதே மழைதான், மாட்டுங்காவிலிருந்து கர்ஜத் வண்டியேறி நேரலில் இறங்கி, சுமார் 800 மீட்டர் உயரமுள்ள மாதேரானை அடைபவருக்கு, கணந்தோறும் உருமாறும் ஓர் அபூர்வக் காட்சியாகிறது.

இம்மலையைப் படமெடுக்க வெயில் நாளைத் தேடிச் செல்வது வீண் என்பது என் திடமான அபிப்பிராயம். உச்சி வெயிலில் நிழல்கள் சுருங்கிவிட, அருகிலுள்ள முகடும் தொலைவிலுள்ள முகடும் ஒரே தளத்தில் ஒட்டியவைபோல் தோன்றுகின்றன. மூடுபனி பரவும்போதோ, காற்றிலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடித்து வெண்மையை உண்டாக்குவதாலும், தூரம் கூடக்கூட அவ்வெண்மை அடர்த்தியாவதாலும், ஒவ்வொரு முகடும் தன் பின்னால் உள்ளதிலிருந்து விலகித் தனித்து நிற்கிறது.

இங்கேதான் கருவியின் சுபாவத்தை அறிந்திருக்க வேண்டும். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, தன் முன்னே இருப்பது எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே பாவித்து அளவிடுவதால், வெண்பனி நிறைந்த காட்சி அழுக்கடைந்த சாம்பலாகவும், சுமார் 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறை, மழையில் நனைந்து மேலும் கறுத்து நிற்கையில், வெளிறியும் பதிவாகின்றன. ஆகையால் பனிக்கு ஒரு ஸ்டாப் அளவு கூட்டியும், பாறைக்கு அதே அளவு குறைத்தும் எக்ஸ்போஷரை நாமே திருத்த வேண்டும். இரண்டும் ஒரே சட்டத்தில் வந்தால், வெண்மை முற்றிலும் வெளுத்து விவரம் இழக்காதபடி அதையே முதலில் காப்பது நல்லது.

குளிரூட்டிய காரிலிருந்து எடுத்த கருவியை உடனே வெளியே நீட்டினால் லென்ஸின்மேல் ஈரம் படியும். சற்று நேரம் பைக்குள்ளேயே வைத்துக் காற்றின் உஷ்ணத்திற்குப் பழக்கிய பிறகே எடுக்கலாம். அதன்பின் முக்காலியை ஊன்றி, சட்டத்தைத் தீர்மானித்துக்கொண்டு காத்திருப்பதே வேலை. மேகம் கிழியும் இடைவெளி சில விநாடிகளே நீடிக்கும். மாலையில் மேகத்தின் விளிம்புக்குக் கீழே சூரியன் இறங்கும்போது, மேற்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகளில் ஒளி நேராக விழுந்து, எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்த வரிகளைத் தெளிவாக எடுத்துக்காட்டும். அதே வேளையில் சூரியனுக்கு முதுகுகாட்டி நின்று எதிர்ப்புற மழையை நோக்கினால், நம் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து சுமார் 42 பாகை விலகி வானவில்லைக் காணலாம்.

இவையனைத்தினும் விசேஷமானது, 1,424 மீட்டர் உயரமுள்ள ஹரிச்சந்திரகட் மலையின் மேற்கு விளிம்பான கொங்கண் கடாவில் தோன்றும் இந்திரவஜ்ரம். உட்குழிந்த அந்த மாபெரும் பாறைச்சுவரின் கீழே பனி நிரம்பியிருக்க, காலைச் சூரியன் முதுகுப்புறம் இருக்குமாயின், பார்ப்பவரின் நிழல் பனியின்மேல் விழுந்து, அதன் தலையைச் சுற்றி வர்ண வளையங்கள் உண்டாகும். கர்னல் ஸைக்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி இதைக் கண்டு 1835-இல் பதிவு செய்திருக்கிறார். வானவில்லை ஆக்குபவை பெரிய மழைத்துளிகள். இவ்வளையமோ, மிக நுண்ணிய பனித்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் விளைவது. ஆகவே இதன் அகலம் சில பாகைகளே. பக்கத்தில் நிற்பவரின் நிழல் தெரிந்தாலும், வளையம் அவரவர் தலையைச் சுற்றியே அவரவர்க்குத் தோன்றும்; படத்திலும் அது கேமராவின் நிழலை மையமாகக் கொண்டே அமையும். பனிக்கு எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டுமென்று மேலே சொன்ன விதி இதற்குமட்டும் பொருந்தாது: கூட்டினால் மெல்லிய வர்ணங்கள் வெண்மையில் கரைந்துவிடுமாதலால், ஒளிமானி காட்டும் அளவையே ஏற்று எடுக்க வேண்டும்.