டைனோசர் முட்டையா, வெறும் கல்லா? அரியலூர் ஆராய்ச்சிக்கு அரசு ஏன் பணம் தரணும், யாருக்குத் தரணும்?

2020 அக்டோபர். பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. "டைனோசர் முட்டை கிடைச்சிருச்சு" என்று வாட்ஸ்அப்பில் படங்கள் பறந்தன. விவரம் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் வேறு. அது முட்டை இல்லை. பழைய கடலடியில், அம்மோனைட் போன்ற உயிரினங்கள் வாழ்ந்த காலத்து மண்ணில் உருவான கல் உருண்டைகள்.

அதற்குப் பதினொரு வருடம் முன்பு, 2009-ல், பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் செந்துறைப் பகுதியிலும் இதே பேச்சு எழுந்தது. அப்போது அறிவித்தது சேலம் பெரியார் பல்கலைக்கழகக் குழு. ஒரு தொகுப்பில் எட்டு முட்டைகள், ஒவ்வொன்றும் 13 முதல் 20 சென்டிமீட்டர் விட்டம், கூட்டின் அகலம் 1.25 மீட்டர் என்று அளவோடு சொன்னார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று, போட்டோ. இன்னொன்று, களத்தில் அளந்து சொன்ன தகவல். இரண்டாவதை இன்னொரு விஞ்ஞானி போய்ப் பார்க்கலாம், சரியா தப்பா என்று வாதாடலாம். ஆராய்ச்சி நிதி வாங்கித் தருவது இதைத்தான்: சரிபார்க்கக்கூடிய ஒரு பதில்.

சரி, "குடிதண்ணிக்கே காசு பத்தல, கல்லுக்கு எதுக்குங்க லட்சக்கணக்குல?" இது நியாயமான கேள்வி. ஆராய்ச்சிப் பணம் கேட்கும் ஒவ்வொருவரும் இதற்குப் பதில் சொல்லித்தான் ஆகணும். எப்படிச் சொல்வது, அந்தப் பதிலை யார் எடை போடுவது என்று பார்ப்போம்.

அப்படி என்ன இருக்கு இந்த மண்ணுல?

14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தை கிரிடேசியஸ் என்கிறார்கள். அந்தக் காலத்தில் இன்றைய பெரம்பலூர், அரியலூர் பகுதிக்குள் கடல் புகுந்து, பின்வாங்கி, மறுபடி புகுந்தது. காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி என்று ஊர் ஊராக அந்தக் கடலின் அடுக்குகள் தரைக்கு மேலேயே தெரிகின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகக் கிடக்கும் மரம் 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் வெளியுலகுக்குச் சொன்னது. அதற்கும் முன்பு, 19-ம் நூற்றாண்டிலேயே பிளான்ஃபோர்டு, ஸ்டோலிச்கா போன்றவர்கள் இந்தப் பாறைகளையும் சிப்பிகளையும் பதிவு செய்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம். காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு தேடும்போது ஆழத்தில் துளைத்துப் பார்க்கிற அடுக்குகளின் உறவுக்காரப் பாறைகள், அரியலூரில் வெயிலில் கிடக்கின்றன. கீழே என்ன இருக்கும் என்று புரிந்துகொள்ள இங்கே நடந்து பார்த்தாலே பாதி விஷயம் தெரியும்.

ஆனால் ஒரு சிக்கல். கல்லங்குறிச்சி சுண்ணாம்புப் பாறையில் சிப்பிகள் குவிந்து கிடக்கின்றன. அதே பாறைதான் சிமெண்டுக்கும் மூலப்பொருள். சுரங்கம் வெட்ட வெட்ட, மண்ணுக்குள் இருந்த அடுக்குகள் புதிதாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. புவியியலாளருக்கு அது வரம். அடுத்த சில மாதங்களில் அதே அடுக்கு சூளைக்குப் போய்விடுகிறது. அப்புறம் யார் வந்தும் பார்க்க முடியாது.

பணம் கேட்பவர் எதைச் சொல்லணும்?

உதாரணத்துக்கு, இந்தப் பகுதியில் ஒரு கல்லூரி ஆசிரியர் விண்ணப்பம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: "உலகப் புகழ்பெற்ற அரியலூர் புதைபடிவங்கள் பற்றிய விரிவான ஆய்வு". கேட்க நல்லா இருக்கு. ஆனா இதுல கேள்வியே இல்லை. எப்போது முடியும், எது கிடைத்தால் வெற்றி, எதுவும் தெரியாது.

அவரே இப்படி மாற்றி எழுதினால்? "கல்லங்குறிச்சி பாறையில் சிப்பி அடுக்குகள் எத்தனை முறை திடீரென்று நின்றுபோகின்றன? அதற்குக் காரணம் கடல்மட்டம் மாறியதா, ஆறு கொண்டுவந்த மண் அதிகமானதா?" இங்கே இரண்டு பதில்கள் போட்டி போடுகின்றன. எந்தச் சான்று கிடைத்தால் எது ஜெயிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். எது ஜெயித்தாலும் நமக்குப் புதிதாக ஒன்று தெரியும்.

1970-களில் அமெரிக்காவின் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான தார்பாவை நடத்திய ஜார்ஜ் ஹைல்மையர், பணம் கேட்டு வருபவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலை நீட்டுவார். இன்றும் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். நம்ம ஊர் விண்ணப்பத்துக்குப் பொருத்தினால் இப்படி வரும்:

• என்ன செய்யப் போறீங்க? துறை வார்த்தை இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க.
• இதுவரை மற்றவர்கள் என்ன செய்திருக்காங்க? எங்கே நின்னுபோச்சு?
• உங்க வழியில் புதுசு என்ன?
• இது தெரிஞ்சா யாருக்கு என்ன மாறும்?
• எவ்வளவு செலவு, எத்தனை நாள்?
• எங்கே தப்பாகலாம்? பாதி வழியில், சரியாகப் போகுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நம்ம விண்ணப்பத்துக்கு ஏழாவதாக ஒன்று சேர்க்கலாம்: ஏன் இப்போதே? "அடுத்த வருடம் இந்தச் சுவர் இருக்காது" என்பது சுரங்க ஊரில் மிக வலுவான பதில்.

ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. புதைபடிவ ஆய்வு வேலைவாய்ப்பு தரும், சுற்றுலா வளர்க்கும், மருந்து கண்டுபிடிக்கும் என்று எல்லாத்தையும் அள்ளிவிடுவது. மதிப்பிடுபவர் ஒரு பொய்யைப் பிடித்தால் மீதியையும் சந்தேகப்படுவார். பயன் இருந்தால் சொல்லணும். இல்லாவிட்டால், "இது அறிவுக்காகச் செய்யும் ஆய்வு" என்று தைரியமாகச் சொல்வதும் ஒரு நியாயம்தான்.

பட்ஜெட்தான் பாதி உண்மையைச் சொல்லும்

மூன்று வருடத் திட்டத்தில் ஓர் இளநிலை ஆய்வாளர் வேணும் என்று வைத்துக்கொள்வோம். 2023 ஜனவரி முதல் மத்திய அரசு விகிதப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு முதுநிலை ஆனால் 42,000 ரூபாய். கணக்குப் போட்டால் 8.88 லட்சம் + 5.04 லட்சம் = 13.92 லட்சம். வீட்டு வாடகைப்படி தனி.

ஆக, ஒருவர் "மொத்தமே 10 லட்சம் போதும், முழுநேர ஆய்வாளரும் இருப்பார்" என்று எழுதினால், அவர் கணக்கே போடவில்லை என்று அர்த்தம். மறுபக்கம், சுத்தியலும் ஜிபிஎஸ்ஸும் போதுமான வேலைக்குக் கோடிக்கணக்கில் கருவி கேட்டால், கேள்வி ஆராய்ச்சிக்கா கருவிக்கா என்று சந்தேகம் வரும். அந்தக் கருவி பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தால், அங்கே கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாமே?

யார் முடிவு பண்றாங்க?

மத்திய அரசு நிதிக்கு இப்போது முக்கிய வாசல், அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. 2023-ல் சட்டம் வந்தது. முன்பு இருந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இதில் கலந்துவிட்டது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டுவது திட்டம். அதில் பெரும்பகுதி தனியார் உள்ளிட்ட அரசு சாராத வழிகளில் வரணும் என்பது கணக்கு.

விண்ணப்பம் ஆன்லைனில் போகும். அதே துறை ஆட்கள் படித்துக் கருத்து எழுதுவார்கள். பிறகு நிபுணர் குழு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கும். பணம் குறைவு, கேட்பவர் அதிகம் என்பதால் நல்ல விண்ணப்பங்களும் திரும்பி வரும்.

இந்த முறையில் குறையே இல்லையா?

இருக்கு. அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், தேசிய சுகாதார நிறுவனத்துக்கு வந்த 25 விண்ணப்பங்களை 43 பேரிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். ஒரே விண்ணப்பத்துக்கு ஆளாளுக்கு வேறு வேறு மதிப்பெண். மோசமானதைக் கழிப்பது சுலபம். நல்லதுக்குள் மிக நல்லது எது என்று சொல்வதுதான் கஷ்டம். அதனால்தான் சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, சமமாக நிற்கும் விண்ணப்பங்களுக்குச் சீட்டுக் குலுக்கும் முறையையும் வைத்திருக்கிறது.

இரண்டாவது குறை, பெயரைப் பார்த்துக் கொடுப்பது. பழைய வாரியத்தின் நிதியில் சுமார் 65 சதவீதம் ஐஐடிகளுக்கும், 11 சதவீதம் மட்டுமே மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் போனதாக மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங்கே 2023-ல் சொன்னார். அரியலூர் பாறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கல்லூரிக்காரருக்கு இது நேரடியாக அடிக்கிற விஷயம். சுரங்கத்தில் புதுச் சுவர் தெரிந்த அன்றைக்கே டூவீலரில் போய்ப் பார்க்க முடிந்தவர் அவர்தான். அந்த அருகாமையும் ஒரு தகுதி. விண்ணப்பத்தில் கூச்சமில்லாமல் எழுதணும், மதிப்பிடுபவரும் அதற்கு எடை தரணும்.

கல்லமேடு சொல்லும் பாடம்

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1980-களின் கடைசியில் விவரித்தார்கள். பெயர் புருகத்காயோசரஸ். கால் எலும்பு ஒன்றே சுமார் 2 மீட்டர். முதலில் ஊன் உண்ணும் டைனோசர் என்றார்கள். பிறகு, நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்ற கருத்து வலுத்தது. 2023-ல் வந்த ஒரு மதிப்பீடு எடையை 110 முதல் 130 டன் வரை சொன்னது. அது சரியானால், தரையில் நடந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒன்று நம்ம அரியலூர்க்காரர்.

சரிபார்க்கலாமா? முடியாது. அந்த எலும்புகள் ஆய்வகம் போய்ச் சேரும் முன்பே நொறுங்கிவிட்டதாக 2017-ல் அய்யாசாமியும் சேர்ந்து எழுதிய கட்டுரை சொல்கிறது. மிஞ்சியது படங்களும் குறிப்புகளும்தான்.

அதனால் எந்தப் புதைபடிவ விண்ணப்பத்திலும் முதலில் பார்க்க வேண்டிய வரி இது: எடுத்ததைப் பாதுகாக்க எவ்வளவு ஒதுக்கியிருக்காங்க? பிளாஸ்டர், பசை, பெட்டி, முப்பரிமாணப் பதிவு, வைக்க ஓர் இடம். பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னால் கைவைக்கத் தோன்றுவதும் இந்த வரியில்தான். இதை வெட்டினால், மீதி லட்சங்கள் செலவழித்துக் கண்டுபிடித்ததும் கையில் நிற்காது.

அடுத்த முறை "புதைபடிவ ஆய்வுக்கு இத்தனை லட்சம்" என்று செய்தி வந்தால், இதெல்லாம் வீண் என்றோ ஊருக்கே பெருமை என்றோ உடனே முடிவு கட்ட வேண்டாம். மூணு கேள்வி கேளுங்க. என்ன கேள்விக்குப் பதில் தேடுறாங்க? அந்தப் பதிலை இன்னொருத்தர் சரிபார்க்க முடியுமா? கிடைச்சது எங்கே இருக்கப் போகுது? நம்ம வரிப்பணம், கேட்க நமக்கு உரிமை இருக்கு.