ஒன்பது மடிப்பில் ஓர் உருவம்

படம் வரையப் பழக ஆரம்பிப்பவர்களில் பலர் ரெண்டு மாதத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால் "கை வரலைங்க" என்பார்கள். கை வராததைவிட, எங்கே தப்பு என்று கண்ணுக்குத் தெரியாததுதான் பல நேரம் சிக்கல். தப்பு தெரியாமல் நூறு படம் போட்டால் அந்தத் தப்புதான் நன்றாகப் பழகும்.

கும்பகோணம் பக்கத்தில் உள்ள சுவாமிமலையின் ஸ்தபதிகளுக்குத் தப்பு என்பது செலவான விஷயம். முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான். முகம் நீண்டுபோயிருந்தால் பிறகு உளியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அளவு முன்னாடியே கையில் இருக்கணும்.

அதற்கு அவர்கள் வைத்திருக்கும் கருவி ஒரு தென்னை ஓலை நறுக்கு. சிலையின் உயரத்துக்கு ஓலையை வெட்டி, மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம். அதில் 12 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேலில் உள்ள இஞ்ச் இல்லை. சிலை பெரிதானால் அதுவும் பெரிதாகும். நவதாளம் என்றால் மொத்த உயரம் 9 முகம், அதாவது 108 அங்குலம்.

இதை நாமும் பழகலாம். 27 செ.மீ. நீளத்துக்கு ஒரு காகிதத் துண்டு வெட்டுங்க. மூன்றாக மடித்து, மறுபடி மூன்றாக மடித்தால் 9 பங்கு. ஒவ்வொன்றும் 3 செ.மீ. முகம், கழுத்தடியிலிருந்து மார்பு, மார்பிலிருந்து தொப்புள், அங்கிருந்து இடுப்படி என இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. தொடைக்கு ரெண்டு, முழங்காலுக்குக் கீழே ரெண்டு. மிச்சம் உள்ள ஒரு பங்கை உச்சந்தலை, கழுத்து, முழங்கால், பாதம் நான்குக்கும் சமமாகப் பிரித்துக் கொடுங்க.

முக்கியமான விஷயம் வரிசை. முதலில் துண்டைப் பார்க்காமல் உருவத்தை வரையணும். அப்புறம்தான் துண்டை வைத்துப் பார்க்கணும். எங்கே எவ்வளவு தள்ளிப்போயிருக்கு என்று ஓரத்தில் குறித்து, தேதி போடுங்க. மறுநாளும் அதே உருவம்தான், புதுப் படம் வேண்டாம். ஒரு மாதம் கழித்துத் தாள்களை வரிசையாக அடுக்கினால், "கை வரலை" என்பதற்குப் பதில் "தொடை குட்டையா வருது" என்று சொல்வீங்க. திருத்த முடிகிற தப்பு அது.